ஆண்ட்ரோமெடாவின் தொலைவு 9 இலட்சம் ஒளியாண்டிலிருந்து 25 இலட்சமாக மாறியது ஏன்?

பாசிர் ரிஸ் வாசி:
வணக்கம். ஆண்ட்ரோமெடா பேரடை 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதென உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளிடம் கூறினேன். 1920களில் வானியலாளர் எட்வின் ஹப்பிள் கண்ட விடை ஏறத்தாழ 9 இலட்சம்தான் என்று அவள் தேடியெடுத்துக் காட்டினாள். இவ்வளவு பெரிய பிழை எங்கே நேர்ந்தது?

அரைநிலா:
இன்றைய அளவு செம்பெயர்ச்சியை, அதாவது விலகிச் செல்லும் பேரடையின் ஒளி சிவப்பு நிறத்தை நோக்கி நகர்வதைக் கொண்டு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடற்கரை நடையர்:
அரைநிலா அவர்களே, அம்முறை மிகத் தொலைவிலுள்ள பேரடைகளுக்கே பொருந்தும். ஆண்ட்ரோமெடாவோ விலகிச் செல்லாமல், நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

ஹப்பிள் நம்பியது, ஒளி சீராகக் கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களை. அந்த ஏற்ற இறக்கத்துக்கு எடுக்கும் காலம் நீள நீள, விண்மீனின் உண்மையான ஒளிர்வும் மிகும் என்பதை, நமக்கு அருகிலுள்ள சிறு பேரடையான சிறிய மகெல்லன் மேகத்தின் 25 விண்மீன்களைக் கொண்டு வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட் 1912இல் காட்டியிருந்தார். உண்மை ஒளிர்வு தெரிந்தால், நமக்கு அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இரவில் நின்று, நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளைப் பாருங்கள். பெரிய விளக்கொன்றைச் சிறியதென்று எண்ணிவிட்டால், தொலைவில் நிற்கும் கப்பலும் அருகில் நிற்பதாகவே கணக்கு வரும். ஹப்பிளுக்கு நேர்ந்தது இதுவே. செஃபீட்களில் ஒளிர்வு வேறுபட்ட இரு வகை உண்டென்று வானியலாளர் வால்டர் பாடே 1952இல் அறிவித்த பிறகுதான், ஹப்பிள் கண்டவை அவர் கருதியதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளிர்பவை என்பது தெளிவாயிற்று. தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கிலொன்றாகக் குறையும் என்பதால், ஆண்ட்ரோமெடாவின் தொலைவும் இரு மடங்காயிற்று. எஞ்சிய வேறுபாட்டைப் பிற்கால அளவீடுகள் சரிசெய்தன.

போர்க்கால இருட்டடிப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் விளக்குகள் மங்கியிருந்தபோதுதான், பாடே ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியாகப் படமெடுத்தார். வெளிச்சம் வழியும் நம் சிங்கப்பூர் வானத்தின் கீழ் இதைப் படிக்கும்போது சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பாசிர் ரிஸ் வாசி:
மிக்க நன்றி. ஆனால் செஃபீட்களின் உண்மை ஒளிர்வு இன்று மட்டும் சரியாகத் தெரியும் என்பதற்கு என்ன உறுதி?

கடற்கரை நடையர்:
நம் பால்வீதியிலுள்ள செஃபீட்களின் தொலைவை, 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலம் வடிவியல் முறையில் அளந்தது. புவி சூரியனைச் சுற்றுகையில் விண்மீனின் இடம் சற்றே நகர்ந்து தெரிவதே அதற்கு அடிப்படை. ஒளிர்வு குறித்த ஊகம் அதில் இல்லை. மேலும், ஆண்ட்ரோமெடாவிலேயே ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்களைக் கொண்டு 2005இல் செய்த கணக்கும் ஏறத்தாழ 25 இலட்சம் என்றே வந்தது.