ரேக்ளா ஓடும்போது கேமரா திணறுகிறதா? மெமரி கார்டு அனுபவம் சொல்லுங்க

உடுமலையிலிருந்து:

விநாடிக்கு 10 படம் என்று கேமரா விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உண்மைதான், ஆனால் எத்தனை விநாடிக்கு அப்படி ஓடும் என்பது கையேட்டில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும். எங்கள் பக்கம் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தைப் படம் எடுப்பவர்களைக் கேட்டால் தெரியும். 200 மீட்டர் பந்தயத்தில் காளைகள் கிளம்பியதும் ஷட்டரை அமுக்கிப் பிடித்தால் முதலில் தடதடவென்று ஓடுகிறது, வண்டி எல்லைக்கோட்டை நெருங்கும் நேரம் பார்த்து டக், டக் என்று விட்டுவிட்டுத்தான் விழுகிறது. காளை கால் எட்டிப்போட்டு, மண் பறந்து, ஓட்டுபவர் எழும்பி நிற்கிற அந்தப் படம் இரண்டு டக்குக்கும் நடுவில் போய்விடும்.

படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லைங்க. முதலில் கேமராவுக்குள் இருக்கிற பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் சேர்கிறது, அங்கிருந்துதான் கார்டுக்கு இறங்குகிறது. ஒரு கணக்குக்கு, 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கிற கோப்பு) 25 எம்பி என்று வையுங்கள், விநாடிக்கு 10 என்றால் 250 எம்பி வந்து சேரும். கார்டு விநாடிக்கு 80 எம்பி எழுதினால் மூன்று படம்தான் இறங்கும். பஃபர் 40 படம் கொள்ளும் என்றாலும் ஆறு விநாடியில் நிரம்பிவிடும். மோட்டார் மூன்று இஞ்சில் தண்ணீர் தள்ளி, வெளியே போகிற குழாய் ஒரு இஞ்ச் என்றால் தொட்டி வழியாமல் என்ன செய்யும்?

சரி, வேகமான கார்டு வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அங்கே ஒரு கூத்து. "170 எம்பிங்ணா, இதுக்கு மேல வேகமே இல்லீங்ணா" என்று கடைத்தம்பி அட்டையைக் காட்டுகிறார். அது கம்ப்யூட்டருக்குப் படம் எடுக்கும்போது வருகிற படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை முன்பக்கம் பெரிதாகப் போட மாட்டார்கள். அந்த அட்டையில் இருப்பது யூஎச்எஸ்-1 கார்டு; யூஎச்எஸ் என்பது கார்டும் கேமராவும் தரவு மாற்றிக்கொள்கிற முறை, அந்த முறைப்படி அதற்கு உச்சமே விநாடிக்கு 104 எம்பிதான், 170 வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள ரீடரில் செருகினால்தான் வரும். கேமராவுக்குள் வராது.

பார்க்க வேண்டியது வி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன எண். வி30 என்றால் விடாமல் எழுதினாலும் விநாடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று உறுதி, வி60, வி90 அப்படியே. அது குறைந்தபட்சம்தான், நல்ல வி30 கார்டு அதைவிட நிறையவே எழுதும். அப்புறம் கார்டைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் தங்கநிறக் கம்பி இரண்டு வரிசை இருந்தால் யூஎச்எஸ்-2, அதன் உச்சம் 312 எம்பி. ஆனால் உங்கள் கேமராவுக்கு யூஎச்எஸ்-2 தெரியாது என்றால் அந்தக் கார்டும் பழைய வேகத்தில்தான் எழுதும், கொடுத்த காசு தண்டம். கேமராவைப் பார்த்துவிட்டுக் கார்டு வாங்குங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

கோபியிலிருந்து:

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அண்ணன் சொன்னது படம் எடுப்பவர்களுக்குச் சரி, வீடியோவுக்குக் கணக்கே வேறுங்க. 4கே வீடியோ 100 மெகாபிட் என்றால் எட்டால் வகுக்கணும், விநாடிக்கு 12.5 எம்பிதான் வருது. வி30 தாராளம். 400 மெகாபிட்டில் எடுத்தால் 50 எம்பி, அங்கேதான் வி60 தேவை. இது தெரியாமல் வி90 வாங்கி வைத்துக்கொண்டு வாடகையை ஏத்துகிறவர்களும் இருக்காங்க, அது வேற கதை.

எங்களுக்கு வேகத்தைவிடப் பத்திரம்தான் முக்கியம். அருமைக்காரர் சீர் செய்கிறதையும் மங்கல வாழ்த்துப் பாடுகிறதையும் இன்னொரு தடவை செய்யச் சொல்ல முடியுமா? அதனால் இரண்டு கார்டு போடுகிற கேமராவில் ஒரே படத்தை இரண்டிலும் எழுத வைக்கிறேன். இதில் ஒன்று கவனிக்கணும், ஒன்று வேகமாகவும் இன்னொன்று பழசாகவும் இருந்தால் பழசின் வேகத்துக்குத்தான் கேமரா ஓடும். போட்டோ எடுக்கும் தம்பிக்கு பர்ஸ்ட் (அமுக்கிப் பிடித்துத் தொடர்ந்து எடுப்பது) பற்றிய கவலையே கிடையாது, பிளாஷ் ஈடு கொடுக்காது, பத்து எடுத்தால் ஏழு கருப்பு.

வால்பாறையிலிருந்து:

கார்டை மாற்றாமலே பாதிப் பிரச்சினை தீரும். சோலைமந்தி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை எடுக்கும்போது அமுக்கிப் பிடிக்காதீங்க. அது உடம்பைச் சுருக்கிக் கிளையை ஒரு அழுத்து அழுத்தும், அப்போது ஒரு விநாடி, கையெடுங்க, மறுபடி ஒரு விநாடி. இடையில் பஃபர் காலியாகிக்கொண்டே வரும். இருவாச்சிக்கும் அப்படித்தான், இறக்கைச் சத்தம் முன்னாலேயே கேட்டுவிடும், தயாராக நேரம் இருக்கு. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கிறவர்கள் ஏதாவது ஒன்றை நிறுத்துங்க, கேமராவில் சுருக்கிய ரா இருந்தால் அதைப் போடுங்க. மௌன ஷட்டரில் (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) கூடுதல் வேகம் கிடைக்குதே என்று போனால் சில கேமராக்களில் பறக்கிற இறக்கை வளைந்து விழும்.

உடுமலையிலிருந்து:

ஜேபெக் மட்டும் வைத்து ரேக்ளா எடுத்துப் பார்த்தேன், பஃபர் நிரம்பவே இல்லை. ஆனால் செம்மண் புழுதியும் உச்சி வெயிலுமாக இருக்கிற இடத்தில் காளையின் வெள்ளை உடம்பு வெளுத்துப் போனால் ராவில் மீட்கிற அளவுக்கு ஜேபெக்கில் மீட்க முடியாது. நான் ராவை விட மாட்டேன்.

திருப்பூரிலிருந்து:

எல்லோரும் வேகத்தையே பேசுறீங்க, கார்டு அசல்தானா என்று யாரும் கேட்கவில்லை. நஞ்சராயன் குளத்துக்குப் பறவை எடுக்க வரும் நண்பர் பாதி விலையில் 128 ஜிபி ஒன்று வாங்கினார், கடை பேர் வேண்டாம். கேமராவும் 128 என்றே காட்டியது. கொஞ்சம் நிரம்பியதும் அதற்கப்புறம் எடுத்த படம் எதுவும் திறக்கவில்லை, உள்ளே இருந்தது உண்மையில் அதில் ஒரு துண்டு கொள்ளளவுதான். புதுக் கார்டு வாங்கினால் படம் எடுக்கும் முன்னால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் ஓட்டுங்க. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, எவ்வளவு அசல் என்று சொல்லிவிடும், எழுதும் வேகத்தையும் சேர்த்து. பெரிய கார்டு என்றால் நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிடுங்க. அது முடிந்ததும் கார்டைக் கேமராவில் போட்டு அங்கேயே பார்மட் பண்ணுங்க.