டிர், மெனு டேக் உள்ள பழைய பக்கங்கள்: எதை மாற்றுவது, எதை விடுவது?

கேள்வி
1998 வாக்கில் எழுதிய எச்டிஎம்எல் பக்கங்கள், சுமார் 300. பட்டியலெல்லாம் டிர் (dir), மெனு (menu) டேக்கில் (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் குறிகள்). புள்ளிப் பட்டியலான யூஎல்-இல் (ul) காம்பேக்ட் (நெருக்கமாகக் காட்ட), எண் பட்டியலான ஓஎல்-இல் (ol) டைப் (எண்ணா எழுத்தா என்று சொல்ல), ஸ்டார்ட் (தொடக்க எண்) என்ற அட்ரிபியூட்டுகள், அதாவது டேக்கின் உள்ளே எழுதும் கூடுதல் அமைப்புகள். குரோமில் நன்றாகவே தெரிகிறது, தரப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலிடேட்டர்தான் பிழைகளைக் கொட்டுகிறது. எதில் கை வைக்கணும்?

மறுமொழி 1
டிர் போயே ஆகணும். கோப்புப் பெயர் மாதிரிச் சின்ன உருப்படிகளுக்காக வந்தது அது. எச்டிஎம்எல் 2.0 விதிப்படி ஒவ்வொன்றும் பொதுவாக 20 எழுத்துக்குள், பல நெடுவரிசைகளாக அடுக்கலாம். பிரவுசர்கள் அதை யூஎல் போலவே காட்டின. 1997இல் 4.0 வந்தபோதே 'தவிர்க்கவும்' என்று சொல்லிவிட்டார்கள். யூஎல் போடுங்கள், நெடுவரிசை வேண்டுமென்றால், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் காலம்-கவுன்ட் (column-count).

மெனு கதை வேறு. அதையும் 4.0 ஒதுக்கியது, ஆனால் இன்றைய தரத்தில் டூல்பார் பட்டன் வரிசைக்காகத் திரும்ப வந்துவிட்டது. வெறும் இணைப்புகள் என்றால், தளத்தின் இணைப்புப் பகுதியைக் குறிக்கும் நேவ் (nav) டேக் உள்ளே யூஎல் போதும்.

ஸ்டார்ட்டும் அப்படி ஒதுக்கப்பட்டுத் திரும்பியதுதான், விட்டுவிடுங்கள். ஓஎல்-இன் டைப்பும் செல்லும். 'பிரிவு பி-ஐப் பார்க்க' என்று உரையில் இருந்தால் அதை எடுக்கவே கூடாது, எழுத்து போய் எண் வந்துவிடும். யூஎல், எல்ஐ (li, பட்டியலின் ஒவ்வொரு உருப்படியும்) இரண்டிலும் உள்ள டைப், எங்கே இருந்தாலும் காம்பேக்ட், இவற்றை நீக்குங்கள்.

மறுமொழி 2
ஒரு எச்சரிக்கை: 'டிர்' என்ற சொல்லை மொத்தமாகத் தேடி மாற்றாதீர்கள். எழுத்துத் திசையைச் சொல்லும் அட்ரிபியூட்டுக்கும் அதே பெயர். அரபி, உருது வரிகள் நாசமாகும். கோண அடைப்புக்குறியோடு சேர்த்துத் தேடுங்கள், மூடும் டேக்கைத் தனியாக. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் டேக் பெயரைப் பிடிக்கும் வரிகள் இருக்கும், அவற்றையும் பாருங்கள்.

கேட்டவர்
10 பக்கத்தில் மாற்றிப் பார்த்தேன். சில பட்டியலில் புள்ளி காணோம், இடைவெளியும் மாறிவிட்டது.

மறுமொழி 1
பிரவுசரின் இயல்புநிலையில் டிர், யூஎல் இரண்டுக்கும் ஒரே அளவுதான்: இடப்பக்கம் 40 பிக்சல், மேலும் கீழும் 1 எம் (em, எழுத்தின் அளவு). ஆக, உங்கள் சிஎஸ்எஸ்ஸில் யூஎல்-க்கு எழுதிய விதி இப்போது இவற்றின் மேலும் பாய்கிறது. பழைய டிர் பட்டியல்களுக்குத் தனி கிளாஸ் கொடுத்து, மார்ஜின் (வெளி இடைவெளி), பேடிங் (உள் இடைவெளி), லிஸ்ட்-ஸ்டைல் (புள்ளியின் வகை) மூன்றையும் அதில் எழுதுங்கள்.

மறுமொழி 3
வேண்டுமென்றே புள்ளியை எடுக்கும் இடங்களில் இன்னொன்று. லிஸ்ட்-ஸ்டைல் நன் (list-style: none) போட்டால், சஃபாரியில் திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியலாகவே அறிவிக்காது. நேவ் உள்ளே இருந்தால் பிரச்சினை இல்லை. வெளியே என்றால் அந்த யூஎல்-க்கு ரோல் லிஸ்ட் (role=list) சேருங்கள். வேலிடேட்டர் 'தேவையில்லை' என்று எச்சரித்தாலும் அது பிழையல்ல.