சூப்பர் அகுரி அணி: ஜப்பானின் சொந்த அணியா, ஹோண்டாவின் இரண்டாவது அணியா?

வேகமணி:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. 2007 கனடா பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளை நேற்று மறுபடி பார்த்தேன். டகுமா சாட்டோ, நடப்புச் சாம்பியன் அலோன்சோவின் மெக்லாரனை நேருக்கு நேர் முந்திப் போகிறார். சாட்டோவின் கையில் இருந்ததோ சூப்பர் அகுரி கார், அணி தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அடுத்த வருடம் மே மாதம் அந்த அணியே இல்லை.

நான் ஃபார்முலா ஒன் பார்க்கத் தொடங்கியது 2010க்குப் பிறகுதான், அதனால் இந்த அணியின் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒரு பக்கம் "ஜப்பானியர்கள் தாங்களே உருவாக்கிய வீரமான சின்ன அணி" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "ஹோண்டா போட்ட பிச்சையில் ஓடிய அணி" என்கிறார்கள். இரண்டில் எது சரி? ஏன் அவ்வளவு சீக்கிரம் மூடினார்கள்? அந்தக் காலத்திலேயே பார்த்தவர்கள் இருந்தால் விவரமாக எழுதுங்கள்.

சுசூகா ரசிகன்:

நண்பரே, நான் முதல் பந்தயத்திலிருந்தே பார்த்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அணியைத் தொடங்கிய அகுரி சுசூகியிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1990இல் சுசூகாவில் லரூஸ் அணியின் லோலா காரில் மூன்றாவதாக வந்தவர், ஃபார்முலா ஒன் மேடையில் ஏறிய முதல் ஜப்பானியர் அவர்தான். ஓட்டுவதை நிறுத்திய பிறகும் ஜப்பானில் அணி நடத்திக்கொண்டுதான் இருந்தார், ஹோண்டாவோடு நெருக்கமும் இருந்தது.

2005 முடிவில் நடந்ததுதான் விதை. சாட்டோ அப்போது ஓட்டிக்கொண்டிருந்த பார் (BAR) அணியை ஹோண்டா முழுசாக வாங்கி, 2006இல் தன் பெயரிலேயே இறங்க முடிவு செய்தது. ஃபெராரியிலிருந்து ரூபன்ஸ் பாரிக்கெல்லோ வந்தார், ஜென்சன் பட்டன் ஏற்கனவே இருந்தார், அணிக்கு இரண்டு ஓட்டுநர்தான், ஆக சாட்டோவுக்கு இடமில்லை. 2004இல் இண்டியானாபொலிஸில் மூன்றாவதாக வந்த மனிதர் அவர், 2005இல்தான் எல்லாமே தவறிப்போய் ஒரே ஒரு புள்ளி. ஜப்பானிய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஹோண்டா என்ற பெயர் திரும்பி வரும்போது அதில் ஜப்பானிய ஓட்டுநர் இல்லையா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் அகுரி புது அணியை அறிவிக்கிறார், எஞ்சின் ஹோண்டா. சாட்டோவுக்கு இடம் உண்டாக்கத்தான் அந்த அணி பிறந்தது என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாத விஷயம். புது அணிகள் 4.8 கோடி டாலர் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று அப்போது விதி. அது நேரத்துக்குப் போய்ச் சேராததால், டிசம்பர் தொடக்கத்தில் வந்த பங்கேற்பாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. மற்ற அணிகள் சம்மதித்து, ஜனவரி 26ஆம் தேதிதான் அனுமதி கிடைத்தது. முதல் பந்தயம் மார்ச் 12, பஹ்ரைன். காருக்கு எங்கே போவது? 2002இல் திவாலான ஆரோஸ் அணியின் ஏ23 சேஸிகள் (காரின் அடிப்படை உடம்பு) மினார்டி அணியின் முன்னாள் முதலாளி பால் ஸ்டாடர்ட்டிடம் இருந்தன. அதில் ஒன்று மெல்போர்ன் விமான நிலையத்தில் காட்சிக்கு நின்றதாகக்கூட அப்போது செய்தி வந்தது. இடமும் அதே ஆரோஸின் பழைய தொழிற்சாலை, இங்கிலாந்தின் லீஃபீல்டில். 3 லிட்டர் வி10 எஞ்சினுக்காகக் கட்டிய நான்கு வருடப் பழைய உடம்பில் ஹோண்டாவின் 2.4 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி, புது விதிகளுக்கு ஏற்ப மாற்றி, எஸ்ஏ05 என்று பெயர் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பஹ்ரைனில் சாட்டோ வெற்றியாளரை விட நான்கு சுற்றுகள் பின்தங்கி 18ஆவதாக முடித்தார். பார்க்கச் சிரமமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கார் கடைசிவரை ஓடியதே அந்தத் தொழிற்சாலை ஆட்களின் சாதனை. ஜூலையில் ஹாக்கன்ஹைமில் எஸ்ஏ06 வந்தது, வருடத்தின் கடைசிப் பந்தயமான பிரேசிலில் சாட்டோ பத்தாவது. புள்ளி எட்டு பேருக்குத்தான் என்பதால் பூஜ்யம்தான், ஆனாலும் அவர்கள் எங்கே ஆரம்பித்தார்கள் என்று பாருங்கள்.

கார்பன் கதிர்:

மேலே சொன்ன எல்லாம் சரி. 2006 வரைக்கும் நானும் ஒத்துக்கொள்கிறேன், அது உண்மையிலேயே சொந்த முயற்சி. 2007 வேறு கதை, அதை மறைக்கக் கூடாது. எஸ்ஏ07 என்பது 2006இல் ஹோண்டா ஓட்டிய ஆர்ஏ106 காரை அடிப்படையாகக் கொண்டது. ஹங்கேரியில் பட்டன் ஜெயித்தாரே, அந்தக் கார்.

அந்தக் கால ஒப்பந்தப்படி ஒவ்வொரு அணியும் தன் சேஸியின் வடிவமைப்பு உரிமையைத் தானே வைத்திருக்க வேண்டும். இன்னொரு அணியின் காரை வாங்கி ஓட்டினால் வருமானத்தில் எப்படிப் பங்கு கேட்கலாம் என்று ஸ்பைக்கர், வில்லியம்ஸ் அணிகள் கடுமையாகச் சண்டை போட்டார்கள், ஸ்பைக்கர் நடுவர் மன்றம் வரை போனது. இது சும்மா பொறாமை இல்லை. சொந்தமாகக் கார் வரைய ஆளும் காற்றுச் சுரங்கமும் வைத்துச் சம்பளம் கொடுக்கும் சின்ன அணிக்கு, பெரிய கம்பெனியின் போன வருடக் காரோடு வந்து முன்னால் நிற்பவனைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ரெட் புல்லின் இரண்டாவது அணியான டோரோ ரோஸோ மேலும் இதே புகார் இருந்தது. மெக்லாரன் காரோடு 2008இல் புது அணியாக வருவதாக இருந்த ப்ரோடிரைவ், இந்தச் சட்டக் குழப்பத்தால் வராமலே போனது.

"பிச்சை" என்ற வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின், காரின் அடிப்படை, பணத்தில் பெரும்பகுதி எல்லாமே ஒரே வீட்டிலிருந்து வந்தால் அதற்குத் தனி அணி என்று பெயர் வைப்பது கஷ்டம்.

சுசூகா ரசிகன்:

கதிர், காரின் மூலம் ஹோண்டாவுடையது என்பதில் சண்டையே இல்லை. ஆனால் முடிவுகளைப் பாருங்கள். 2007 மெல்போர்ன் தகுதிச் சுற்றில் (பந்தயத்தில் கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் சுற்று) சாட்டோ 10, அந்த வருடம் அவருடைய ஜோடியான ஆண்டனி டேவிட்சன் 11. ஹோண்டாவின் சொந்தக் கார்கள் இரண்டும் அவர்களுக்குப் பின்னால். மே மாதம் பார்சலோனாவில் சாட்டோ எட்டாவது, அணியின் முதல் புள்ளி. அடுத்த மாதம் மாண்ட்ரியலில் ஆறாவது, இன்னும் மூன்று. ஹோண்டாவுக்கோ முதல் புள்ளியே ஜூலையில் பிரான்ஸில்தான் வந்தது. அக்டோபரில் சீனாவில் பட்டன் ஐந்தாவதாக வரும் வரை, புள்ளிப் பட்டியலில் சூப்பர் அகுரி நான்கோடு ஹோண்டாவுக்கு மேலே இருந்தது! உலகிலேயே பெரிய பட்ஜெட்களில் ஒன்றை வைத்திருந்த ஹோண்டா, ஆர்ஏ107 என்ற காரை வரைந்து சொதப்பியபோது, லீஃபீல்டில் இருந்த சின்னக் கூட்டம் பழைய காரை ஒழுங்காகப் புரிந்துகொண்டு ஓட்டியது. வெறும் வாடகைக் காரை வைத்து அதைச் செய்ய முடியாது.

வேகமணி, அந்தக் கனடா பந்தயத்தைப் பற்றி இன்னும் ஒன்று. குபிட்சாவின் பயங்கர விபத்து, நான்கு முறை சேஃப்டி கார் (விபத்துக்குப் பின் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் வரும் கார்), ஹாமில்டனின் முதல் வெற்றி என்று எல்லாம் நடந்த நாள் அது. சாட்டோ கிளம்பியது 11ஆவது இடத்திலிருந்து. டேவிட்சனும் மேலே வந்துகொண்டிருந்தார், பாதையில் குறுக்கே வந்த கிரவுண்ட்ஹாக் (அணில் இனத்துப் பிராணி) மேல் மோதி காரின் முன்பக்கம் சேதமாகி, எதிர்பாராமல் பிட்டுக்குள் (காரைப் பழுதுபார்க்கும் இடம்) வர வேண்டியதாயிற்று. அது நடக்காவிட்டால் இரண்டு கார்களும் புள்ளி வாங்கியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

நாற்கரம்:

யூஜி இடேயைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த மனிதருக்கு நடந்தது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

முதலில் சாட்டோவின் ஜோடி அவர்தான். 2005இல் ஜப்பானின் ஃபார்முலா நிப்பான் தொடரில் இம்புல் அணிக்காக ஓட்டி இரண்டாவது இடம் பிடித்தவர், திறமை இல்லாதவர் இல்லை. (நம்ம கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2014இல் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டியதும் இதே இம்புலுக்குத்தான். ஃபார்முலா நிப்பானின் பிற்காலப் பெயர்தான் சூப்பர் ஃபார்முலா. அங்கே ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று நாராயணின் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) ஆனால் 31 வயதில், பயிற்சி ஓட்டம் மிகக் குறைவாக, ஆங்கிலம் சரளமாக வராமல், நான்கு வருடப் பழைய உடம்பில் கட்டிய காரில் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். இன்ஜினியரிடம் கார் எப்படி நடந்துகொள்கிறது என்று விளக்க வேண்டிய இடத்தில் பேச்சே தடுமாறினால் என்ன செய்வது?

நான்கு பந்தயம்தான். இமோலாவில் முதல் சுற்றிலேயே ஆல்பர்ஸின் மிட்லேண்ட் காரில் இடித்து, அது உருண்டது. நல்லவேளை ஆல்பர்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் ஓட்டத் தேவையான இடேயின் சூப்பர் லைசென்ஸே பறிக்கப்பட்டது. அவர் இடத்தில் ஃப்ராங்க் மொன்டான்யி, பிறகு சகோன் யமமோட்டோ. தவறு இடேயுடையது என்பது சரி, அவரை அந்த நிலையில் இறக்கிவிட்டவர்கள் மேலும் பொறுப்பு உண்டு. "இரண்டு ஓட்டுநரும் ஜப்பானியர்" என்ற ஆசைக்கு ஒரு நல்ல ஓட்டுநரின் பெயர் பலியானது.

வேகமணி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இடே கதை எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. 2007இல் இவ்வளவு நன்றாக ஓடிய அணிக்கு 2008இல் ஏன் பணம் இல்லாமல் போனது? ஹோண்டா ஏன் கைவிட்டது?

பழைய பிட்லேன்:

தம்பி, 2007 நன்றாக ஓடிய பாதியிலேயே அடிவாரம் ஆடத் தொடங்கிவிட்டது. முக்கிய ஸ்பான்சராக வந்த ஒரு எண்ணெய் நிறுவனம் சொன்ன பணத்தைத் தரவில்லை. ஸ்பான்சர் பணம் வராவிட்டால் முதலில் நிற்பது காரை மேம்படுத்தும் வேலைதான். அதனால்தான் வருடத்தின் பின்பாதியில் ஒரு புள்ளிகூட வரவில்லை, மற்றவர்கள் புதுப் பாகங்கள் கொண்டுவந்தபடி இருந்தார்கள், இவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

2008க்கு எஸ்ஏ08, இந்த முறை அடிப்படை ஹோண்டாவின் அந்தச் சொதப்பல் ஆர்ஏ107. பயிற்சி ஓட்டம் ஏறக்குறைய இல்லை. மாக்மா குழுமம் என்ற நிறுவனம் வாங்குவதாகப் பேச்சு, அதன் பின்னால் துபாய் பணம். ஏப்ரலில் அதுவும் கைவிட்டது. ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் பெயரும் கடைசி நேரத்தில் அடிபட்டது. ஏப்ரல் 27 ஸ்பெயின் பந்தயம்தான் கடைசி, சாட்டோ 13ஆவது. அடுத்தது துருக்கி, அணியின் லாரிகள் இஸ்தான்புல் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தும் உள்ளே விடவில்லை. அகுரி இன்னும் விலகுவதாக அறிவிக்கவே இல்லை, ஆனால் இந்த அணி ஓடாது என்று ஹோண்டா தரப்பிலிருந்து தகவல் போயிருந்தது. மே 6ஆம் தேதி டோக்கியோவில் அகுரி விலகலை அறிவித்தார். மொத்தம் 39 பந்தயங்கள், எல்லாவற்றிலும் சாட்டோ இருந்தார், நான்கு புள்ளியும் அவர் எடுத்தது.

ஹோண்டாவைத் திட்டுவது எளிது. தங்கள் சொந்த அணியே பின்வரிசையில் கிடக்கும்போது இரண்டாவது அணிக்கும் செலவு செய்வதை அவர்கள் தலைமையில் யாரிடம் நியாயப்படுத்த முடியும்? ஏழே மாதத்தில், 2008 டிசம்பரில், ஹோண்டாவே ஃபார்முலா ஒன்னை விட்டுப் போனது. அந்த அணிதான் ப்ரான் என்ற பெயரில் 2009இல் ஓட்டுநர், அணி என இரண்டு பட்டங்களையும் வென்றது.

என் கருத்து கதிருக்கும் சுசூகா ரசிகனுக்கும் நடுவில். ஓட்டியதும் உழைத்ததும் சொந்தம், மூச்சு ஹோண்டாவுடையது. ஒரு கம்பெனியின் நல்லெண்ணத்தில் பிறந்த அணி, அந்த நல்லெண்ணம் தீர்ந்த அன்றைக்கு முடிந்தது. முழுக்க முழுக்க ஜப்பானிய அணி என்று தேடினால் 1976இல் கியோட்டோவில் கார் கட்டி, ஃபூஜியில் ஹசேமி என்ற ஓட்டுநரைப் பத்தாவது இடத்தில் தகுதி பெற வைத்த கோஜிமா அணிதான் நினைவுக்கு வருகிறது. டொயோட்டாகூட ஜெர்மனியின் கொலோனில் இருந்துதான் இயங்கியது.

கார்பன் கதிர்:

"மூச்சு ஹோண்டாவுடையது" என்பதோடு ஒத்துப்போகிறேன், நான் சொல்ல வந்ததும் அதுதான். லீஃபீல்ட் தொழிற்சாலைக்குப் பின்னாளில் குடிவந்தது கேட்டர்ஹாம் அணி, அவர்களும் 2014இல் அங்கேயேதான் முடிந்தார்கள். ஆரோஸையும் சேர்த்தால் ஒரே கட்டிடத்தில் மூன்று அணிகள் மூடியிருக்கின்றன. சிறிய அணிகளுக்குப் பணம் போய்ச் சேராத முறை அப்போது இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நாற்கரம்:

அகுரி அதோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ 2014இல் தொடங்கியபோது அம்லின் அகுரி என்று முதல் அணிகளில் ஒன்றாக வந்தார். 2015 ஜனவரியில் புவனோஸ் ஐரிஸில் அன்டோனியோ ஃபெலிக்ஸ் ட கோஸ்டா அந்த அணிக்கு வெற்றி எடுத்துக் கொடுத்தார். சூப்பர் அகுரியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த மார்க் பிரெஸ்டன் அங்கேயும் கூடவே இருந்தார். சாட்டோ அமெரிக்கா போய் 2017லும் 2020லும் இண்டியானாபொலிஸ் 500 வென்றார்.

வேகமணி, இன்னும் பார்க்க வேண்டுமானால் 2006 பஹ்ரைனை முழுசாகப் பாருங்கள், பிறகு 2007 மெல்போர்ன் தகுதிச் சுற்று, பிறகு பார்சலோனா. இந்த வரிசையில் பார்த்தால்தான் அந்த ஒரு வருடத்தில் அவர்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று தெரியும்.