பேட் செக்டருக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பிறை (மலேசியா), திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணினிப் பட்டறை. என் மகனின் கேமிங் லேப்டாப்பையே பாடமாக வைத்துக்கொண்டேன். விளையாட்டுகள் கிடக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் திரும்பத் திரும்பப் பிழை. விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால் சரியாகிறது, நாலு நாளில் மறுபடி வந்துவிடுகிறது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 7 ஆம் எண், அதாவது டிஸ்க்கில் கெட்ட இடம் என்னும் எச்சரிக்கை. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையின் 197 ஆம் வரியில் 24 என்று காட்டுகிறது.

பயிற்சித்தாளில் பேட் செக்டருக்கு, அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன சிறு இடத்துக்கு, 'மோசமான பிரிவு' என்று எழுதியிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நல்ல சொல் தாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், செவ்வாய் காலை

அம்மா, 'பிரிவு' வேண்டாம். செக்டர் என்பது வடிவியல் சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் வட்டக்கோணப்பகுதி, இலங்கையில் ஆரைச்சிறை. சிறை என்றால் சிறகு. மையத்திலிருந்து விரியும் சிறகு! இவ்வளவு அழகான சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? 'பழுதுற்ற ஆரைச்சிறை' என்று எழுதுங்கள்.

செந்தூல், செவ்வாய் மதியம்

நான் லேப்டாப் பழுதுபார்ப்பவன். ஐயா சொல்வது அழகுதான், ஆனால் டிஸ்க்கின் செக்டர் முழுச் சிறகு இல்லை. ஒரு தடத்தில் (தரவு எழுதப்படும் வட்டப் பாதையில்) 512 அல்லது 4096 பைட் பிடிக்கும் சின்னத் துண்டு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குச் 'சிறை' என்றால் ஜெயில்தான்.

என் கடைக்கு வருகிறவர்கள் 'டிஸ்க் ரோசாக்' என்பார்கள். ரோசாக் என்றால் மலாயில் பழுது. அது முழு டிஸ்க்கும் போனதற்குச் சொல்வது. ஓரிடம் மட்டும் கெட்டால் தமிழில் என்ன சொல்கிறோம்? சொத்தைப் பல், சொத்தைக் கத்தரிக்காய். 'சொத்தைத் துண்டு' என்று போடுங்கள்.

அப்புறம் அம்மா, செக்டிஸ்க் ஓட்டுவதை முதலில் நிறுத்துங்கள். அது கோப்பு அமைப்பைத்தான் சரிசெய்யும்; தட்டில் விழுந்த சொத்தையை ஆற்றாது. சாகப்போகும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்தால் சாவு சீக்கிரம் வரும். முதலில் மகனின் கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள். இன்னொன்று: நிகழ்வு எண் 129 (டிஸ்க் பதில் தராததால் மீட்டமைப்பு) வந்தாலோ ஸ்மார்ட்டின் 199 ஆம் வரி (தரவு கடத்தும்போது பிழை) ஏறினாலோ சொத்தை என்று முடிவுகட்ட வேண்டாம். டிஸ்க்கின் கேபிள் இணைப்பைப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், செவ்வாய் இரவு

எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துப் பாட்டி 'சூத்தை' என்பார். சூத்தை, சொத்தை, சொள்ளை, தொள்ளை, துளை எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. புழு துளைத்த இடம். ஆனால் டிஸ்க்கில் புழு ஏது? பாடத்தில் வரும் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

ஜார்ஜ்டவுன், புதன்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். பிழையையும் பழுதையும் எல்லாரும் கலக்கிறீர்கள். பிழைத்தல் என்றால் தவறுதல். தப்பி உயிர்வாழ்தலும் அதுவே. 197 ஆம் வரி என்னவென்று பேரனிடம் கேட்டேன். படிக்க முடியாமல் ஐயத்தில் நிற்கும் துண்டுகளாம். மறுபடி எழுதிப் பார்க்கும்போது எழுத முடிந்தால் அந்தத் துண்டு பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது. முடியாவிட்டால் அதற்குப் பதில் வேறிடம் ஒதுக்கப்பட்டு 5 ஆம் வரி ஏறுகிறது. ஆக, 197இல் இருப்பது பிழைத்தாலும் பிழைக்கும். 5இல் இருப்பது பழுது. ஐயத்தில் நிற்பதைச் சொத்தை என்று எப்படிச் சொல்வது? இரண்டு சொல் வேண்டும்: 'ஐயத்துண்டு', 'சொத்தைத்துண்டு'. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிறை, வியாழன் இரவு

மூன்று மாணவர்களிடம் எல்லாச் சொல்லையும் காட்டினேன். 'சொத்தை' என்றதும் ஒரு பெண் பல்லைத் தொட்டுக் காட்டினாள். ஆரைச்சிறை யாருக்கும் புரியவில்லை. ஜார்ஜ்டவுன் ஆசிரியர் சொன்ன இரண்டு சொல்லையும் வைத்துத் தாளை அனுப்பிவிட்டேன். மகனின் கோப்புகளை எடுத்து முடித்தோம். அதற்குள் 197 ஆம் வரி 31 ஆகிவிட்டது. புது டிஸ்க் வாங்கத்தான் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ், வியாழன் நள்ளிரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் ஒப்பவில்லை. நீங்கள் வாங்கப்போவது எஸ்எஸ்டி (சில்லுகளில் சேமிக்கும் வகை) என்றால் அதில் வட்டும் இல்லை, தடமும் இல்லை. அப்போது 'துண்டு' எதன் துண்டு?