மறுமொழி: ‘ஹை ரிலீஃப்’ பொற்காசு, தமிழில் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,
காசு சேகரிப்போர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1907இல் சிற்பி செயின்ட் காடன்ஸ் வடிவமைத்த அமெரிக்க இருபது டாலர் ‘ஹை ரிலீஃப்’, அதாவது உருவம் தளத்திலிருந்து நன்றாக மேலெழுந்து நிற்கும் பொற்காசு. அதே வடிவத்தில் 2009இல் 27 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. தடிமனுமாக வந்த ‘அல்ட்ரா ஹை ரிலீஃப்’. இரண்டுக்கும் சொல் வேண்டும். ‘உயர்புடைப்பு’ சரியா?
— ச.

அம்மா,
புடைப்புச் சிற்பம் என்று வழங்குகிறோம், புடைப்பை விடாதீர்கள். புடைத்தல் வீங்குவது மட்டுமா? அடிப்பதும் புடைத்தல்தான், முறத்தில் புடைக்கிறோமே! அச்சு அடிக்க அடிக்கத்தான் காசில் உருவம் புடைக்கிறது. ‘உயர்’ மட்டும் வேண்டாம். உயர்கல்வி, உயர்தரம் என்று அது மதிப்பைச் சொல்லும். மேல் என்பதற்கு ‘மீ’ இருக்கிறதே, ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்கிறது குறள். மீப்புடைப்பு! கூடவே ‘நாணயச்சாலை’யை ‘அக்கசாலை’ ஆக்கிவிடுங்கள். கொற்கைக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது.
— புலவர் க.மு.

ஐயா, மீயொலி, மீக்கணினி வந்தபிறகு ‘மீ’ அல்ட்ராவுக்கும் சூப்பருக்கும் போய்விட்டது. அதை இங்கே செலவழித்தால் 2009 காசுக்கு என்ன செய்வது? அக்கசாலை நல்ல சொல்தான், ஆனால் சென்னைக்காரருக்குத் தங்கசாலைத் தெருதான் தெரியும்.
— இரா.

நான் காசு சேகரிப்பவன். வாங்குகிறவர் பார்ப்பது மேட்டைத்தான். தேய்மானம் முதலில் தெரிவது காசில் நிற்கும் பெண்ணுருவான லிபர்ட்டியின் மார்பிலும் முழங்காலிலும். 1907 காசை ஒரே அடியில் அடிக்க முடியவில்லை. பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. அடுக்கினாலும் நிற்காது. அமெரிக்க நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் பார்பர் எதிர்த்தார், கடைசியில் புழக்கத்துக்காகப் புடைப்பைக் குறைத்தார்கள். அச்சுக்கும் காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்கும் நடுவே பிதுங்கிய பொன் ஓரத்தில் மெல்லிய கம்பி போல நிற்கும். அந்தக் ‘கம்பி விளிம்பு’ உள்ளதையும் இல்லாததையும் தனித்தனி வகையாகவே தேடுகிறோம். ‘எடுப்பான மூக்கு’ என்கிறோமே, ‘எடுப்புக் காசு’ என்றால் என்ன?
— த.

எடுப்பு என்றதும் எடுப்புச் சாப்பாடுதான் ஞாபகம் வருகிறது! ஒற்றைச் சொல்லாகப் பார்க்காமல் வரிசையாகப் பாருங்கள். 1908இன் இரண்டரை, ஐந்து டாலர் பொற்காசுகளில் உருவம் தளத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், அது குழிவு. அப்புறம் தாழ்புடைப்பு, உயர்புடைப்பு, மீயுயர்புடைப்பு. ‘உயர் அழுத்த மின்கம்பி’யைப் பார்த்து யாரும் உயர்ந்த தரம் என்று நினைப்பதில்லை.
— இரா.

நன்றி. இரா. ‘உயர்புடைப்பு’ என்கிறார், அதையே அனுப்புகிறேன். கம்பி விளிம்பும் சேர்கிறது. நாணயச்சாலை அப்படியே இருக்கட்டும்.
— ச.

நான் ஒப்பவில்லை. மின்கம்பியை யாரும் விலை கேட்பதில்லை. காசில் ‘உயர்’ என்றால் கேட்பார்கள். கலைச்சொல் பட்டியலிலாவது மீப்புடைப்பை மாற்றுச்சொல்லாகப் போடுங்கள். அக்கசாலை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
— புலவர் க.மு.