‘ஜிஸ்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

எண்ணூர், பள்ளி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முகத்துவாரத்துக்கு அழைத்துப் போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். அலகு, கால், நிறம் என்று தனித்தனியாகப் பார்ப்பதற்கு முன்பே, நிற்கிற விதம், நடை, பறக்கிற தினுசு எல்லாம் சேர்ந்து ‘இது இன்னதுதான்’ என்று பிடிபடுகிறதே, அதை ஆங்கிலத்தில் ஜிஸ் என்கிறார்கள்.

போன ஞாயிறு நேரில் பார்த்தேன். வற்றத்தில் சேறு வெளியே கிடந்தது. வெயில் நேர் எதிரே. பறவை வெறும் கறுப்பு உருவம், நிறமே தெரியவில்லை. நான் பைனாகுலரைத் தூக்குவதற்குள் ஒரு பையன் சொல்லிவிட்டான்: “மிஸ், அது உள்ளான். வாலை ஆட்டிக்கினே கீது பாருங்க.” தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை விறைப்பாகத் துடிதுடிக்க வைத்து அது பறந்தபோதுதான் எனக்கு உறுதியானது. அவன் கண்டானே, அதற்கு என்ன பெயர்?

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சாயல். தேடவே வேண்டாம். ‘சாயல் மென்மை’ என்பது தொல்காப்பிய உரியியல். மயிலின் சாயல் என்று கவிஞர்கள் பாடியதெல்லாம் தோகையின் நிறத்தை மட்டுமா? அசைவும் ஒயிலும் சேர்ந்ததுதானே.

ராயபுரம், இருபது வருடமாகப் பறவை பார்ப்பவன்:
ஐயா, சொல் அழகு. ஆனால் களத்தில் காலை வாரிவிடும். ‘பவளக்காலி சாயலில் ஒரு பறவை’ என்றால் அது பவளக்காலி இல்லை, வேறு ஏதோ ஒன்று என்றுதான் பொருள். எங்கள் தெருவில் ‘அவங்க அப்பா ஜாடை’ என்போம். ஜாடை என்றே போடுங்கள். நடையை வைத்தே ஆளைச் சொல்லும் ஊர் இது.

தண்டையார்பேட்டை:
அப்பா ஜாடை என்றாலும் அதே ஒப்புமைதானே தம்பி! ‘சாயலும் நாணும் அவர்கொண்டார்’ (குறள் 1183). அங்கே சாயல் அவளுடைய சொந்த அழகு, யாரையும் போல இருப்பது அன்று. தெலுங்கில் ஜாட என்றால் தடம். நம் ஜாடை அங்கிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டும். எப்படியானாலும் முதலெழுத்து ஜகரம். குறைந்தது ‘சாடை’ என்றாவது எழுதுங்கள்.

பெரம்பூர், மென்பொருள் தமிழாக்கம்:
புள் + இயல்பு = புள்ளியல்பு. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். ‘குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே’ என்ற 338-ஆம் குறளை எல்லாரும் படித்திருக்கிறோம். புள் செத்த சொல் அன்று. சங்கத்தில் புள் என்றால் நிமித்தமும்கூட. பறவையைக் கூர்ந்து பார்த்துப் பொருள் சொன்ன மரபு நமக்கு அப்போதே இருந்திருக்கிறது.

ராயபுரம்:
பிள்ளைகள் அதைப் புள்ளி + இயல்பு என்று பிரித்து, இறக்கையில் புள்ளி தேடும். நம்மவர்கள் வைத்த பெயர்களையே பாருங்கள்: வாலாட்டி, குருட்டுக் கொக்கு. ஆள் பக்கத்தில் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பதால் குருடு, எழும்பினால்தான் இறக்கை வெள்ளையென்று தெரியும். ஒரு பறவையின் மொத்தத் தோரணையும் ஒரு சொல்லில் இருக்கிறது. அதைப் பார்க்கும் திறமைக்குத்தான் பொதுப்பெயர் இல்லை.

மாதவரம்:
ஒரு தகவல். ஜிஸ் என்பதை எழுத்தில் பரப்பியவர் ஆங்கிலேயப் பறவையியலாளர் தாமஸ் கவர்ட். அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர் ஒருவரிடம் கேட்ட சொல் என்று 1922-இல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களை அடையாளம் காண வைத்த முதலெழுத்துச் சுருக்கம் என்று இப்போதும் பலர் சொல்கிறார்கள். ஆண்டுக் கணக்கு இடிக்கிறது. வேர் விளங்காத, கரையோரத்து ஆள் வாயில் வந்த சொல்லை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நம் பையன் வாயில் வருவதை நாம் ஏன் எடுக்கக் கூடாது? என் வாக்கு ஜாடைக்கு.

பெரம்பூர்:
புள்ளியல்பைத் திரும்பப் பெறுகிறேன். சாயலோடு போகலாம். ஜாடை என்றால் கண்ணால் காட்டும் குறிப்பும் ஆகிவிடும்.

ராயபுரம்:
உள்ளான் வாலால் காட்டுவது குறிப்பு இல்லாமல் வேறென்ன?

எண்ணூர்:
வெள்ளி காலை ஆகிவிட்டது, அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன். இங்கே எழுதியவர்களிலும் எனக்குத் தனியே எழுதியவர்களிலும் சாயலுக்கு ஐந்து பேர், ஜாடைக்கு மூன்று பேர். ‘சாயல்’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் விளக்கமும் உண்டு. எல்லாருக்கும் நன்றி.

ராயபுரம்:
சரி டீச்சர், பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் அனுப்பிய கோப்பில் பதினொன்றாம் பக்கம் பாருங்கள். ‘பச்சைக்காலியின் சாயலை நன்றாகக் கவனி’ என்று இருக்கிறது. பிள்ளை கவனிக்க வேண்டியது பச்சைக்காலியையா, அதைப் போல இருக்கும் இன்னொன்றையா?