‘டீச்’ செய்வதற்குக் ‘கற்பித்தல்’ பொருந்துமா?

ரோபோ போன்ற எந்திரத்தை வேண்டிய இடங்களுக்கு நகர்த்திக் காட்டி, பிறகு அதையே தானாகத் திரும்பச் செய்ய வைப்பதை ஆங்கிலத்தில் ‘டீச் புரோகிராமிங்’ என்கிறார்கள். அதற்குக் ‘கற்பிப்பு நிரலாக்கம்’ என்ற சொல்லை நண்பர் முன்வைத்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று அச்சுகளில் நகரும் ஒரு மிக் வெல்டிங் (கம்பியை உருக்கி உலோகங்களை இணைக்கும் முறை) எந்திரத்தை வீட்டிலேயே கட்டி ஓட்டி வருகிறேன். அதைக் கையாண்ட அனுபவத்தில்தான் மறுக்கிறேன்.

என் எந்திரத்தில் நிரல் வரிகளை யாரும் தட்டச்சு செய்வதில்லை. கையில் பிடித்து எந்திரத்தை இயக்கும் கைப்பெட்டியின் (பென்டன்ட்) பொத்தான்களால், வெல்டிங் முனையான டார்ச்சை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, பதிவுப் பொத்தானை அழுத்துவேன். அந்த இடத்தின் எக்ஸ், ஒய், இசட் அளவுகளோடு, அங்கிருந்து எந்த வேகத்தில் போக வேண்டும், மின்வில் (உலோகத்தை உருக்கும் ஆர்க்) எரிய வேண்டுமா கூடாதா என்பதும் நினைவில் ஏறும். இப்படிப் புள்ளி புள்ளியாகப் பதிந்து முடித்து ஓட்டினால், அதே வரிசையில் போய் வரும். அவ்வளவுதான். இதில் எந்திரம் எதையும் கற்கவில்லை. எந்திரக் கற்றல் என்ற சொல் வேறொரு பெரிய துறைக்கு நிலைத்துவிட்ட இந்த நாளில், இதையும் கற்பித்தல் என்றால் புதிதாக வருபவர் நிச்சயம் குழம்புவார்.

‘பழக்குதல்’ என்று இன்னொருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம், கைப்பழக்கம் என்கிறோம், உயிருள்ள சொல். ஆனால் பழகினால் கை தேற வேண்டுமே? என் எந்திரம் நூறாவது முறையும் முதல் முறை செய்ததையேதான் செய்கிறது, நான் தவறாகப் பதிந்த புள்ளி உட்பட.

அந்தத் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 100 மி.மீ. ஆரமுள்ள ஒரு வளைவில், 60 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளைப் பதிந்தேன். நான் வளைவின் மேலேயே டார்ச்சைக் கொண்டுபோனதால் எந்திரமும் அப்படியே வரும் என்று நம்பினேன். அது இரு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டில் போனது. நட்டநடுவில் இணைப்பை விட்டு 4.6 மி.மீ. விலகி, வெறும் தகட்டின்மேல் உலோகத்தைக் கொட்டியது. இடைவெளியை 20 மி.மீ. ஆக்கியதும் விலகல் அரை மில்லிமீட்டராகக் குறைந்தது. நான் போன வழி அதற்குத் தெரியாது, நின்ற இடங்கள் மட்டுமே தெரியும். ‘தடங்காட்டல்’ என்ற சொல்லையும் இதனால்தான் ஒதுக்குகிறேன். கையால் பிடித்து இழுத்துச் செல்லும்போது வழி முழுவதையும் இடைவிடாமல் பதியும் எந்திரங்கள் உண்டு. அந்தச் சொல் அவற்றுக்கே பொருந்தும்.

‘காட்டு நிரலாக்கம்’ என்றால் காட்டு யானை நினைவுக்கு வருகிறது. ‘சுட்டு’ என்றால் வெல்டிங் பேச்சில் சூடுபட்டதாகத் தோன்றும். ‘சுட்டி’ ஏற்கெனவே மௌஸுக்குப் போய்விட்டது.

சரி, என் முன்மொழிவு: பொதுச்சொல்லாகக் ‘காட்டிப்பதிவு’. காட்டுவது மனிதர், பதிவது எந்திரம். இரண்டு வேலையும் சொல்லிலேயே இருக்கின்றன. அதன் கீழே, நின்ற இடங்களை மட்டும் பதிந்தால் ‘புள்ளிப்பதிவு’, வழி முழுவதையும் பதிந்தால் ‘தடப்பதிவு’. பதிவு என்பது புதிய பார்வையும் அல்ல. 1961இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு வந்த யூனிமேட் ரோபோவும் தன் அசைவுகளைக் காந்த உருளை ஒன்றில் படிப்படியாகப் பதிந்து வைத்தே திரும்பச் செய்தது.

பென்டன்ட்டுக்குக் கைப்பெட்டி போதும். பதிந்ததைத் திரும்ப ஓட்டுவதற்கு ‘மீளோட்டம்’ சரியாக வருமா என்று நீங்கள் சொல்லுங்கள். அப்புறம், மின்வில்லை எரியவிடாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோமே, அதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். தேருக்குச் சொல்லும் வெள்ளோட்டம் இதற்கும் அப்படியே பொருந்துகிறது.